கரி என்று துடைத்தேன்

1

இன்று காலை பட்டறையில் எங்கள் போர்மேன் என் நெற்றியைத் துடைக்கக் கையை நீட்டினான். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் அழுத்தித்தான் பிடித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

அவன் கெட்டவன் இல்லை. வெல்டிங் புகையில் நிற்கிறவன் முகத்தில் கரி ஒட்டியிருக்கிறது, துடைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். இன்று விபூதிப் புதன். வேலைக்கு வருமுன் கோயிலுக்குப் போய்ச் சாமியார் கையால் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்திருந்தேன். இது கரி இல்லை, தவசு காலம் தொடங்கும் நாளில் எங்கள் சபையில் வைப்பது என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வரும். இந்த லிவர்பூலில் கப்பல் பழுது பார்க்க வந்து ஒன்பது வருஷமாகிறது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இதே புதன்கிழமை இதே தப்பை நான் செய்தேன். அவனுக்காவது தெரியாது, வேறு சபைக்காரன். நான் ராயபுரத்தில் பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கி, பூசையில் மணியடித்து வளர்ந்தவன். எனக்கு என்ன சாக்கு?

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லாரும் "லண்டன் எப்படி இருக்கிறது?" என்றே கேட்கிறீர்கள். நான் இருப்பது லண்டன் இல்லை என்று எழுதி அலுத்துவிட்டேன். இந்தத் தடவை கேட்டதற்குப் பதில் எழுதப்போவதில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

2

இந்த ஊரை நான் முதலில் பார்த்தது ஒரு நவம்பர் மாதக் காலை. அறுபத்தைந்தாம் வருஷம். துறைமுக நகரம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வந்து இறங்கினால் கடலைக் காணோம். கலங்கலாக ஒரு ஆறு. அதையும் பார்க்கவிடாமல் கறுப்புக் கல்லில் மதில், நடந்தால் தீராத நீளத்துக்கு. மதிலுக்கு உள்ளே கப்பல் நிற்கிறது, வெளியே நிற்கிறவனுக்குக் கொடிமரத்தின் நுனிகூடத் தெரியாது. ராயபுரத்தில் பல் விளக்கிக்கொண்டே எத்தனை கப்பல் வந்திருக்கிறது என்று எண்ணிவிடுவோம். இங்கே அதற்குச் சீட்டு வேண்டும்.

மீன் வாசனை இல்லை. காக்கா இல்லை. மூன்றரை மணிக்கு இருட்டிவிட்டது. ஏதோ தப்பு நடந்துவிட்டது, கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

பதிவு அலுவலகத்தில் பாரம் கொடுத்தார்கள். என் பெயர் சூசை. அப்பா பெயர் ஞானப்பிரகாசம். இரண்டில் எது குடும்பப் பெயர் என்று அந்த ஆள் கேட்டான். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்றேன். இருந்தே ஆக வேண்டும் என்றான். அன்றிலிருந்து என் சம்பளக் கவரில் என் அப்பா பெயர். அதுவும் வாயில் நுழையவில்லை என்று பாதியை வெட்டி 'ஜான்' ஆக்கிவிட்டார்கள். ஹார்பரில் முப்பது வருஷம் மூட்டை இறக்கிச் செத்த மனிதரைக் கூப்பிட்டுத்தான் இன்றைக்கும் என்னை வேலை ஏவுகிறார்கள்.

பஸ்ஸில் ஏறினால் என் பக்கத்து இடம் காலியாக இருக்கும். ஆட்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார்கள், அந்த இடத்தில் உட்கார மாட்டார்கள். முதல் மாதம் என் உடம்பில் நாற்றம் என்று நினைத்து இரண்டு வேளை குளித்தேன். அப்புறம் புரிந்தது. கோயிலிலும் அதே கதை. நான் போய் உட்கார்ந்தேன், பெஞ்சில் இருந்த குடும்பம் எழுந்து முன்னால் போனது. போங்கடா என்று நானும் எழுந்து வந்துவிட்டேன். சாமி இருக்கிற இடத்திலும் இப்படித்தான் என்றால் நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று அதோடு விட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்த்தேன்.

3

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தோணி, என்னைவிட ஆறு வயது மூத்தவன். கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரன். வருஷத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பான். நான் ஹார்பர் பட்டறையில் வெல்டர். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்த ஆண்பிள்ளை நான் ஒருவன்தான்.

இங்கே வருவதற்கு அனுமதிச் சீட்டு வந்தபோது அம்மாவுக்கு இழுப்பு அதிகம். "ரெண்டு வருசம் பொறு, நான் கப்பல வுட்டுட்டு வந்துடறேன், அப்பால நீ போ" என்றான் அண்ணன். சீட்டுக்கு ஆறு மாதக் கெடு. கெடு போனால் திரும்பவும் முதலிலிருந்து பாரம் எழுத வேண்டும். நான் பொறுக்கவில்லை. மனைவி பிலோமினாவையும் கைக்குழந்தையையும் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன். எட்டாவது மாதம் அம்மா செத்துப்போனாள். தந்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அண்ணன் அப்போது கரையில் இருந்தான், அவன்தான் மண் போட்டான். நான் போகவில்லை. போயிருந்தாலும் எனக்காகக் காத்திருந்தது ஒரு குழிமேடுதான் என்று எல்லாருக்கும் காரணம் சொன்னேன். சரியான காரணம்தான். ஆனால் யாருக்கும் அது போதவில்லை, எனக்கும்தான்.

"அவன் வூட்ல இனிமே நான் கை நனைக்க மாட்டேன்." அண்ணன் இப்படிச் சொன்னான் என்று மச்சான் எழுதினான். நம் பக்கத்தில் அதற்கு அர்த்தம் தெரியும். ஒருவன் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்றால் உறவு முடிந்தது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் அண்ணனிடமிருந்து ஒரு வரி இல்லை. பிலோமினாவும் குழந்தையும் இங்கே வந்து சேர்ந்தார்கள். குழந்தை லூர்து பள்ளிக்கூடம் போய், தமிழை மறந்து, 'லூ' ஆனாள்.

4

இரண்டு வருஷத்துக்கு முன் மாசி மாதம், நாலு வரியில் அண்ணன் கடிதம். கப்பல் லிவர்பூல் வருகிறது, ஒரு நாள் நிற்கும், புதன்கிழமை, வேலை இல்லாவிட்டால் வாசலுக்கு வா.

பிலோமினா அதைப் படித்துவிட்டு, "மாமா சாப்பிடுவாரா?" என்று கேட்டாள். எங்களுக்கு வேறு கவலையே இல்லை. லீவு எழுதிக் கொடுத்தேன். எங்கேயோ இருக்கிற வங்காளி கடைக்கு இரண்டு பஸ் மாறிப் போய் ஆட்டுக்கறி வாங்கி வந்தேன். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்த பிலோமினா மசாலா அரைத்து, கறியை ஊறவைத்து, புதன் காலை பிரியாணி இறக்கினாள். இரண்டு பேரில் ஒருவருக்கும் அது என்ன புதன் என்று தோன்றவில்லை. ராயபுரத்தில் மறக்க முடியுமா? முந்தின வாரமே பழைய குருத்தோலைச் சிலுவைகளைக் கதவு மேலிருந்து எடுத்துக் கோயிலில் கொடுக்க வேண்டும், அவற்றை எரித்துத்தான் விபூதி ஆகும். சின்ன வயதில் தெரு முழுக்க வீடு வீடாகப் போய் அதை வாங்கிச் சேர்ப்பது நானும் அண்ணனும்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா கறிச்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பரண்மேல் கவிழ்த்துவிடுவாள். அது ஈஸ்டர் அன்றுதான் இறங்கும். இங்கே என் கதவுமேல் குருத்தோலை இல்லை. எதைப் பார்த்து ஞாபகம் வரும்?

துறைமுக வாசலில் போலீஸ்காரன் அண்ணனின் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னான். அண்ணன் வெளியே வந்தான். யாரிடமோ இரவல் வாங்கிய ஓவர்கோட்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. தலை நரைத்திருந்தது. நெற்றியில் கரி.

ஏழு வருஷமாக எவ்வளவோ பேச்சைச் சேர்த்து வைத்திருந்தேன். கைக்குட்டையை எடுத்து, "இன்னா அண்ணாத்தே, அடுப்ப வுட்டு அப்பிடியே எழுந்து வந்துட்டியா?" என்று சொல்லி அவன் நெற்றியை நன்றாகத் துடைத்துவிட்டேன்.

அவன் அரை அடி பின்னால் போனான். அப்புறம் நின்று கொடுத்தான். கைக்குட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

5

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போனதும், "இன்னாடா இது, நம்ம ராயபுரமாட்டம் கீது" என்றான்.

"எது?"

"எல்லாந்தான். ஹார்பர் செவுரு, கிடங்கு, மூலைக்கு மூலை கோயிலு. சந்துல குறுக்கால கயிறு கட்டித் துணி காயுது. அந்தப் பொம்பளைங்களப் பாரு, தலைல துணிய கட்டிகினு, பையத் தூக்கிகினு, சத்தமா பேசிகினு போவுதுங்க. காசிமேடுதான். காக்கா மட்டும் இல்ல."

எனக்கு எரிந்தது. "நீ வந்து ஒரு மணி நேரம்கூட ஆவல. நான் ஏழு வருசமா கீறேன். இந்த ஊரு நம்ம ஊரு இல்ல. இவனுங்க நம்மள மாதிரி இல்ல."

"ஏழு வருசமா இன்னாத்தப் பாத்த நீ?"

எதிர் இடத்தில் ஒரு கிழவி இருந்தாள். அவள் நெற்றியிலும் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. நிலக்கரி அடுப்பு வைத்திருக்கும் ஊர், யார் முகத்திலும் அழுக்கு இருக்கும் என்று நான் அதைத் தாண்டிப் பார்த்தேன். அண்ணன் அவளுக்குத் தலையசைத்தான். கிழவியும் அசைத்தாள். எனக்கு ஏழு வருஷத்தில் கிடைக்காத ஒரு தலையசைப்பு, வந்த அன்றைக்கே இவனுக்கு எப்படிக் கிடைக்கிறது?

ஊர் விஷயம் கேட்டேன். எண்ணூர் பக்கம் ஆகாசத்தைத் தொடுகிற மாதிரி புகைபோக்கி வந்திருக்கிறதாம். காத்திவாக்கத்தில் இருக்கிற சின்னம்மா துணி காயப்போட்டால் சாம்பல் விழுகிறதாம். முகத்துவாரத்தில் இறால் முன்னைப் போல இல்லையாம். திருவொற்றியூர் ரோட்டில் பஸ் நிற்கிற இடத்தை மாற்றிவிட்டார்களாம். நான் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டேன். பஸ் நிற்கிற இடத்தை மட்டும் மூன்று தடவை. நான் இல்லாமல் ஒரு பஸ் ஸ்டாப்பு நகர்ந்துவிட்டது என்பது ஏன் அப்படிக் குத்தியது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

6

"வாங்க மாமா" என்று பிலோமினா வாசலிலேயே அழுதாள். அண்ணன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தான். நெத்திலிக் கருவாடு. "பத்தரமா வையி. கப்பல்ல பாதிப் பேரு மோந்துகினே இருந்தானுங்க."

தட்டு வைத்தாள். பிரியாணி, மேலே நல்ல கறியாகப் பொறுக்கி வைத்தாள். அண்ணன் தட்டைப் பார்த்தான். இரண்டு கையும் முழங்கால்மேல் இருந்தன.

"பசி இல்லம்மா. கப்பல்ல துன்னுட்டேன்."

"கொஞ்சமா மாமா."

"வோணாம்மா. டீத்தண்ணி குடு, போதும்."

அவன் வயிறு இரைந்தது எனக்குக் கேட்டது. அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"கை நனைக்க மாட்டேன்னு சொன்ன. சரி. அப்ப இன்னாத்துக்கு வந்த?"

"உன்னப் பாக்க வந்தேன்."

"பாத்துட்ட இல்ல?"

"பாத்துகினுதான கீறேன்."

அவன் தட்டை என் பக்கம் இழுத்து அவன் முன்னாலேயே சாப்பிட்டேன். வழித்துவிட்டு இன்னொரு தட்டும் போட்டுக்கொண்டேன். ருசியே தெரியவில்லை. பிலோமினா அடுப்பங்கரையில் போய் நின்றுகொண்டாள். அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரிட்டிஷ் காலண்டர், நாய்க்குட்டி படம் போட்டது. அதில் விபூதிப் புதன் கிடையாது. இப்படியே மூன்றரை மணி வரை.

மூன்றரைக்கு லூர்து பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் போட்டிருந்தோம். உள்ளே வந்து ஷூவைக் கழற்றினாள். நிமிர்ந்தபோது நெற்றியில் கறுப்பாகச் சிலுவை. மேசைமேல் இருந்த கறியைப் பார்த்தாள்.

"அப்பா, இன்றைக்கு இறைச்சி சாப்பிடக்கூடாதே. சிஸ்டர் சொன்னாங்களே" என்றாள், இங்கிலீஷில். அப்புறம் அண்ணனைப் பார்த்து, "அங்கிள், உங்களுக்கு ஏன் விபூதி வைக்கலை?"

பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணனுக்கு இங்கிலீஷ் கப்பல் அளவுக்குத்தான் வரும், ஆனால் இது புரிந்துவிட்டது. குழந்தையை அருகே இழுத்துக்கொண்டான்.

"வெச்சிருந்தேம்மா. காலையில சாமியாரு கப்பலுக்கே வந்து வெச்சாரு. தொடச்சிட்டாங்க."

நான் கால்சட்டைப் பையில் கை விட்டுக் கைக்குட்டையை எடுத்தேன். நடுவில் கறுப்புத் தீற்றல். அது அடுப்புக் கரி மாதிரியே இல்லை. காலையிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"மாமா, சொல்லக்கூடாதா?" என்றாள் பிலோமினா.

"எப்பிடிம்மா சொல்றது? இவன் வோணும்னே தொடச்சான்னு நெனச்சேன். கோயிலு கொளமெல்லாம் வோணாம்னு ஆயிட்டான் போல. அவன் வூடு, அவன் இஷ்டம். நாம கம்முனு குந்திகினு இருப்போம்னு இருந்தேன்."

"கறியும் வோணும்னே வெச்சேன்னு நெனச்சியா?" என்றேன்.

"நெனச்சேன்."

"நான் அப்பிடிப்பட்டவனா?"

"அம்மா சாவுக்கே வராதவன் இன்னாவா ஆயிருப்பான்னு எனக்கு இன்னா தெரியும்?"

ஏழு வருஷமாக அவன் எழுதாத கடிதம் முழுக்க அந்த ஒரு வரியில் இருந்தது. நான் வேண்டுமென்று துடைக்கவில்லை, மறந்துபோய்த் துடைத்தேன். வேண்டுமென்று செய்திருந்தால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

அண்ணன் எழுந்து கோட்டைக் கழற்றினான். "மணி நாலுகூட ஆவல. ஒருசந்தி நாளுன்னா ஒரு வேள துன்னலாம், கறிதான் கூடாது, மீனுக்குத் தடையில்ல. நவுரும்மா. அந்தக் கருவாட்டக் கொண்டா. புளி கீதா?"

புளி இருந்தது. கத்திரிக்காய் இல்லை, உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டான். கருவாடு கொதித்தபோது பக்கத்து வீட்டுக்காரி சுவரை இடித்தாள். "இன்னாவாம்?" என்றான் அண்ணன். வாசனை பிடிக்கவில்லை என்றேன். "அதுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தனுப்பும்மா" என்றான். லூர்து சிரித்தாள். அண்ணன் சொன்னான்: "சின்னம்மாகிட்ட சொல்லணும். காத்திவாக்கத்துல அதுக்குத் தெனமும் விபூதிப் புதன்தான், நீங்க வருசத்துக்கு ஒரு நாளு வர்றத மறந்துட்டீங்கன்னு."

தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்தான். முதல் கவளத்தை வாயில் வைத்தபோது பிலோமினா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நானும் ஒரு தட்டை எடுத்தேன்.

"நீ வை. உனுக்கு இல்ல" என்றான். "ஒரு தபாவுக்கு ரெண்டு தபா துன்ன இல்ல, அதுவும் கறி. பாத்துகினு குந்து."

பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாசனையில் எங்கள் வீட்டுக் கூடம், ஈரத்தரை, அம்மாவின் இருமல் எல்லாம் இருந்தன. வாய் ஊறியது. என் வீட்டில், என் அண்ணன், மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

7

துறைமுக வாசலுக்குத் திரும்பியபோது ஆறாக இன்னும் பத்து நிமிஷம். போலீஸ்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். கேட்க வேண்டியதை அங்கேதான் கேட்டேன்.

"அம்மா என்னக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சி. ஓவர்டைம்ல கீறான்னு சொன்னேன். சரின்னுச்சி."

அவன் ஓவர்கோட்டுப் பித்தானைப் போட்டான். பிறகு கையை நீட்டினான்.

"அந்தக் கைக்குட்டையக் குடு."

கொடுத்தேன். விரித்து, கறுப்பான இடத்தில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தான். ஐம்பது பேருக்கு மாவு பிசைந்து பிசைந்து அகலமாகிப்போன விரல். அதை என் நெற்றியில் வைத்து மேலிருந்து கீழே ஒன்று, குறுக்கே ஒன்று இழுத்தான்.

"மண்ணுடா நீ. மறந்துடாத."

"எந்த மண்ணு?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். ஏழு வருஷக் கோபம், யார்மேல் என்று தெரியாத கோபம்.

"எங்கப் பொதைக்கிறானோ அந்த மண்ணு. வரேன்." உள்ளே போய்விட்டான். மதிலுக்குப் பின்னால் எந்தப் பக்கம் திரும்பினான் என்றுகூடத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நடுத்தர வயதுக்காரி ஒருத்தி ஏறினாள். நெற்றியில் விபூதி. நாலு இடம் காலியாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள், வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், தலையசைத்தாள். இதைப் படித்துவிட்டு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சந்தோஷப்பட வேண்டாம். ஏழு வருஷமும் நான் இதே முகத்தோடுதான் அந்தப் பஸ்ஸில் போனேன். நான் தலையசைக்கவில்லை. ஏழு வருஷமாக என்னத்தைப் பார்த்தாய் என்று அண்ணன் காலையில் கேட்டது ஞாபகம் வந்து, இறங்குமுன் அசைத்தேன்.

அன்று முகம் கழுவாமல் படுத்தேன். அம்மா எங்களைக் கழுவவிட மாட்டாள், அது தானாக உதிர வேண்டும் என்பாள். தலையணையில் பட்டுக் காலையில் பாதிதான் இருந்தது. கண்ணாடியில் நின்று பார்த்தேன். அண்ணனின் கட்டைவிரல் அகலம் அப்படியே தெரிந்தது.

8

அண்ணன் இனி இந்தப் பக்கம் வர மாட்டான். கண் பரிசோதனையில் தேறவில்லை என்று போன வருஷம் கப்பலிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ராயபுரத்தில் வீட்டோடு இருக்கிறான். மாதம் ஒரு கடிதம், நாலே வரி. கடைசி வரி எப்போதும் "நீ வா". எனக்குப் பாஸ்போர்ட்டு புதுப்பிக்க வேண்டும். அதற்கு என் பெயர் எது, அப்பா பெயர் எது என்று மறுபடியும் ஒரு பாரம். ஊர்ச் சான்றிதழில் சூசை, இங்கத்துக் காகிதத்தில் ஞானப்பிரகாசம், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடிதம் கேட்கிறார்கள். ஏழு மாதமாக அது நடக்கிறது.

இன்று காலை நானும் லூர்துவும் சேர்ந்துதான் கோயிலுக்குப் போனோம். அவள் 'பெரிப்பா' என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள், அவருக்கு எழுதும் கடிதத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் போடுகிறாள். வரிசையில் நின்று நெற்றியைக் காட்டினேன். மண் என்பதை மறக்காதே என்று சாமியார் அவர் பாஷையில் முணுமுணுத்தார்.

நல்ல மனிதர். ஆனால் விரல் ஒல்லி. பட்டதே தெரியவில்லை.